வடிகாலார் வீட்டுத் தோட்டம்

“தண்ணீர் எங்கே நிற்க வேண்டும், எங்கே ஓட வேண்டும் என்று மனிதன் ஆணையிட்ட அன்றுதான் நாகரிகம் பிறந்தது.”

கல்லூரிப் பாடநூல் ஒன்றின் ஏழாம் பதிப்பு இந்த வாக்கியத்தோடு தொடங்குகிறது. இதை எழுதியவர் அந்தத் திங்கட்கிழமை காலை ஏழு மணிக்குத் தம் வீட்டுப் பின்பக்கத் தோட்டத்தில், கணுக்கால் அளவு தண்ணீரில், ஒற்றைச் செருப்போடு நின்றுகொண்டிருந்தார். மற்றொரு செருப்பு அவருடைய ஆணைக்குக் காத்திராமல் மேடாகக் கட்டிய ரோஜாப் பாத்தியைத் தாண்டி எலுமிச்சை மரத்தின் பக்கமாக மிதந்து போய்க்கொண்டிருந்தது.

முப்பத்தொரு வருடம் மண்ணும் வடிகாலும் பற்றிப் பாடம் நடத்தி ஓய்வு பெற்ற பேராசிரியர் அவர். மாணவர்கள் முதலில் வைத்த பெயர் ‘சாக்கடை சார்’. நூல் ஐந்தாம் பதிப்பைத் தாண்டியபோது மரியாதை தெரிந்த ஒரு வகுப்பு அதை ‘வடிகாலார்’ என்று உயர்த்தியது. ஏதோ அரசவைப் பட்டம் போல ஒலித்ததால் பேராசிரியருக்கு அது பிடித்துப்போயிற்று. கையெழுத்துப் போடும் இடத்தில்கூட இரண்டொரு முறை அப்படியே போட்டிருக்கிறார்.

அவர் சட்டைப் பையில் ஒரு மின்னஞ்சலின் அச்சுப் பிரதி இருந்தது. முந்தின நாள் வந்தது. அதற்குள் நாலாக மடித்துப் பிரித்து மடித்ததில் மடிப்பெல்லாம் கிழியத் தொடங்கியிருந்தது. அனுப்பியது இல்லத் தோட்ட அறிஞர் மன்றம். “தாங்கள் நம் காலாண்டிதழில் எழுதிய ‘என் தோட்டத்தில் ஒரு சொட்டும் நிற்பதில்லை’ என்ற கட்டுரை எங்களைப் பெரிதும் கவர்ந்தது. தங்களுக்கு ‘மதிப்புறு மூத்த அறிஞர்’ என்ற தகுதியை வழங்கத் தீர்மானித்துள்ளோம். அதற்கு முன், விதிப்படி, தங்கள் வடிகாலை நேரில் காண வரும் சனிக்கிழமை காலை பத்து மணிக்கு இருபத்தாறு உறுப்பினர்கள் வருகிறோம்.”

அந்தக் கட்டுரையில் பொய் என்று ஒரு வரியையும் சுட்டிக்காட்ட முடியாது. ‘பள்ளம் தோண்டப்பட்டது. துளைக் குழாய் பதிக்கப்பட்டது. ஜல்லி நிரப்பப்பட்டது. தண்ணீர் வெளியேற்றப்பட்டது.’ யார் தோண்டினார்கள், எப்போது, எந்த வீட்டில் என்று அவர் எங்கேயும் சொல்லவில்லை. தலைப்பில் மட்டும் ‘என்’ என்று விழுந்துவிட்டது. அந்த ஒரு சொல்லைப் பார்க்கத்தான் இப்போது இருபத்தாறு பேர் வருகிறார்கள்.

“உள்ள வாங்க, சேத்துப்புண் வந்துடும்,” என்றாள் மனைவி, சமையலறை வாசலில் நின்று.

“சனிக்கிழமை வராங்க.”

“யாரு?”

“மன்றம்.”

“மன்றம்னா எத்தனை பேரு?”

“இருபத்தாறு.”

“நம்ம வீட்ல இருபத்தாறு கப்பு கிடையாது.”

“கப்பா இப்ப பிரச்சனை? தோட்டத்தைப் பாரு!”

“பத்தொன்பது வருஷமா நான்தானே பார்த்துக்கிட்டிருக்கேன்? நீங்க இன்னிக்குத்தானே பார்க்கறீங்க!” அவள் எலுமிச்சை மரத்தைக் காட்டினாள். இலையெல்லாம் மஞ்சளாகி, நுனியில் சுருண்டு கிடந்தது. “வேர் அழுகுது. ரெண்டு வருஷமா சொல்றேன். என்ன சொன்னீங்க?”

என்ன சொன்னார் என்பது அவருக்கு ஞாபகம் இருந்தது. ‘ஆய்வில் இருக்கிறது’ என்று சொன்னார்.

இரண்டு வருடத்துக்கு முன்பு அவருடைய புத்தகங்களுக்காக மாடியில் ஓர் அறை கட்டினார்கள். அப்போது மனைவி மகளின் பிரசவத்துக்காக ஆறு மாதம் வெளியூரில் இருந்தாள். செங்கல், மணல், கம்பி எல்லாம் அவளுடைய புல்தரையில்தான் இறங்கின. கலவை இயந்திரம் ரோஜாவுக்கும் எலுமிச்சைக்கும் நடுவில் நின்று உறுமியது. ஏற்கெனவே களிமண், அதை இப்படி ஆறு மாதம் மிதித்து உருட்டினால் அது மண்ணாக இருக்காது, தட்டாக ஆகிவிடும். இதுவும் பாடநூலில் இருக்கிறது, நான்காம் அத்தியாயம். மேற்பார்வை பார்க்க வேண்டியவர் அந்த நாட்களில் ஏழாம் பதிப்புக்குப் பிழை திருத்திக்கொண்டிருந்தார்.

வடிகாலார் முதலில் செய்தது, முறைப்படி ஒரு சோதனை. மழை விட்ட செவ்வாய்க்கிழமை, தண்ணீர் கொஞ்சம் வற்றிய மேட்டில் ஒரு முழ ஆழத்துக்குக் குழி தோண்டி, வாளித் தண்ணீரை ஊற்றி, நடுவில் ஓர் அளவுகோலைக் குத்தி வைத்தார். பக்கத்தில் நாற்காலி, குடை, குறிப்பேடு. நல்ல மண் என்றால் மணிக்கு இத்தனை அங்குலம் தண்ணீர் இறங்க வேண்டும் என்று கணக்கு உண்டு. மாலை வரை உட்கார்ந்திருந்தார். தண்ணீர் அரை அங்குலம்கூட இறங்கவில்லை. ஒரு தவளை மட்டும் இறங்கியது.

குறிப்பேட்டில் ‘முடிவு: திருப்தியில்லை’ என்று எழுதினார். பிறகு கைபேசியை எடுத்து வானிலையைப் பார்த்தார். வெள்ளிக்கிழமை மழை. சனிக்கிழமை மழை. இரண்டுக்கும் நேரே ஒரு மேகமும் அதன் கீழே மூன்று சொட்டும் போட்டிருந்தது. பத்து நிமிடம் கழித்து மறுபடி பார்த்தார். சொட்டு நான்காகியிருந்தது.

புதன்கிழமை காலை கொத்தனார் வந்தார். ஒல்லியாக, அதிகம் பேசாத மனிதர். கையில் மண்வெட்டி, கடப்பாரை, தோளில் மட்டம் பார்க்கும் தண்ணீர் டியூப், சுருட்டியபடி. வடிகாலார் முதலில் வெளிக்கதவைத் தாழிட்டார். ஏற்கெனவே ஓடுவதாக அச்சில் வந்துவிட்ட வடிகால் இப்போதுதான் வெட்டப்படுகிறது என்பது தெருவுக்குத் தெரியக் கூடாது. அதுவும் எதிர்வீட்டுக் கண்ணாடிக் கடைக்காரருக்குத் தெரியவே கூடாது. அவரும் மன்ற உறுப்பினர்; கூட்டத்தில் கடைசி வரிசையில் உட்கார்ந்து முதல் கேள்வி கேட்கிற வகை.

ஜல்லி வண்டி வந்து நின்றதும் அவர்தான் முதலில் எட்டிப் பார்த்தார்.

“என்ன சார், ஜல்லியெல்லாம் இறங்குது?”

“குளியலறை ரிப்பேர்.”

“ஒரு வண்டி ஜல்லியா?”

“பெரிய குளியலறை,” என்று சொல்லிவிட்டுக் கதவைச் சாத்தினார் வடிகாலார்.

பெரிய தாளில் வரைந்த வரைபடத்தை மேசைமேல் விரித்தார். தோட்டத்தின் தாழ்ந்த மூலையிலிருந்து ஒரு சிவப்புக் கோடு அம்பு போல நேராகப் போயிற்று. மனைவி கண்ணாடியைப் போட்டுக்கொண்டு குனிந்து பார்த்தாள்.

“இந்தக் கோடு என்ன, மரத்து வழியா போகுது?”

“அது மையக் கோடு.”

“அப்ப மரம் எங்க போகும்?”

“மரம் வரைபடத்தில் இல்லை.”

அவள் கண்ணாடியைக் கழற்றினாள். நேராகப் போய் எலுமிச்சை மரத்தடியில், சேற்றில், முக்காலி போட்டு உட்கார்ந்துகொண்டாள். முறத்தில் கீரை ஆய ஆரம்பித்தாள். கொத்தனார் வரைபடத்தையும் அவளையும் மாறி மாறிப் பார்த்தார்.

“அம்மா சொல்றதுதான் சார் சரி. கிளை எதுவரைக்கும் நீண்டிருக்கோ அதுக்கு வெளியில வெட்டினா வேருக்கு அவ்வளவா அடிபடாது. சுத்தி வளைச்சுக் கொண்டுபோயிடலாம்.”

“வளைவு என்பது…” வடிகாலார் தொண்டையைச் செருமினார். “கொள்கையளவில் ஏற்கத்தக்கதே.”

“அப்ப வெட்டறேன் சார். தண்ணியை எங்க கொண்டுபோய் விடறது?”

முதல் அத்தியாயம், முதல் விதி: வடிகால் வெட்டுமுன் வெளியேறும் இடத்தைக் கண்டுபிடி. முப்பத்தொரு வருடமாக இதைக் கேட்டுத்தான் அவர் மாணவர்களை எழுப்பி நிற்க வைத்திருக்கிறார். இப்போது அவரே எழுந்து நின்றார்.

தெருச் சாக்கடைக்குக் கொண்டுபோக வேண்டும். அதற்கு வீட்டின் பக்கவாட்டுச் சந்தில் பதித்த ஓடுகளை வாசல் வரை உடைத்தெடுக்க வேண்டும். உடைக்கிற சத்தம் தெரு முழுக்கக் கேட்கும். மறுபடி பதித்துச் சிமெண்ட் காய இரண்டு நாள். இன்றைக்குப் புதன். எத்தனை முறை விரல் விட்டு எண்ணினாலும் புதனுக்கும் சனிக்கும் நடுவில் இரண்டு விரல்தான் இருந்தது.

“நீங்க வெட்டுங்க. வெளியேறும் இடம் பிறகு தீர்மானிக்கப்படும்,” என்றார்.

புல்லைக் கத்தியால் கீறிப் பாளம் பாளமாக எடுத்து, நிழலில் பலகைமேல் வைத்து, ஈரச் சாக்குப் போட்டு மூடினார் கொத்தனார். திரும்ப அதே இடத்தில் வைத்தால் வெட்டிய அடையாளம் தெரியாது என்றாள் மனைவி. அது வடிகாலாருக்கு அந்த வாரம் கிடைத்த முதல் ஆறுதல். தண்ணீர் டியூபை இரண்டு முனையிலும் பிடித்துப் பார்த்து, பத்தடிக்கு ஓர் அங்குலத்துக்கு மேலேயே சரிவு வருகிறபடி பள்ளம் வளைந்து வளைந்து போயிற்று. வடிகாலார் கரையிலேயே நடந்தார். வானத்தைப் பார்ப்பார், பள்ளத்தைப் பார்ப்பார், கைபேசியைப் பார்ப்பார். மத்தியானச் சாப்பாட்டை நின்றுகொண்டே சாப்பிட்டார்.

வியாழக்கிழமை காலை, வீட்டுச் சுவரை ஒட்டிய மூலையில் மண்வெட்டி ‘டொக்’ என்றது.

கொத்தனார் குனிந்து கையால் மண்ணை வழித்தார். ஒரு பழைய குழாயின் வாய். உள்ளே கொஞ்சம் தூரத்துக்கு மண், அப்புறம் இருட்டு. குழாய் பக்கவாட்டுச் சந்தின் அடியில், வாசலை நோக்கிப் போனது.

வடிகாலாருக்கு அழுகையே வந்துவிட்டது. “கொத்தனாரே! வாளி!”

ஒரு வாளி ஊற்றினார்கள், அதில் மிதந்த எலுமிச்சை இலையோடு போயிற்று. இரண்டாவதும் போயிற்று. நாலாவது வாளிக்குக் கடிகாரத்தைப் பார்த்தார், பதினேழு வினாடி. குறிப்பேட்டில் ‘ஏற்கெனவே உள்ள வெளியேற்று வழி. மிக நன்று’ என்று எழுதி அடிக்கோடிட்டார்.

“இது எங்க போகுது சார்?” என்றார் கொத்தனார்.

“தெருச் சாக்கடைக்கு. வேற எங்க போகும்?”

“வாசல்ல சாக்கடை மூடியைத் தூக்கி ஒரு தரம் பார்த்துட்டு வந்துடட்டுமா? ரெண்டு நிமிஷம்.”

வடிகாலார் வெளிக்கதவின் இடுக்கு வழியாகப் பார்த்தார். எதிர்வீட்டு வாசலில் கண்ணாடிக் கடைக்காரர் செய்தித்தாள் படித்துக்கொண்டிருந்தார். அரை மணி நேரமாக அதே பக்கத்தைப் படித்துக்கொண்டிருந்தார்.

வடிகாலாரின் வீட்டு வாசலில், அந்தக் கடைக்காரரின் கண் முன்னால், சாக்கடை மூடியைத் தூக்கி ‘தண்ணி வருதா’ என்று தேடுவதா?

“தேவையில்ல. தண்ணிக்கு இருக்கறது ஒரே குணம்தான் கொத்தனாரே. கீழ போகும். இதைத்தான் முப்பத்தொரு வருஷமா சொல்லிக் கொடுத்திருக்கேன்.”

“கீழதான் சார் போகும். எங்க கீழன்னுதான் கேட்டேன்,” என்று முணுமுணுத்துவிட்டுக் கொத்தனார் வேலையைப் பார்த்தார்.

வெள்ளி மத்தியானத்துக்குள் எல்லாம் முடிந்தது. பள்ளத்தில் வடிகட்டித் துணி, அதன்மேல் ஒரு படுகை ஜல்லி, துளைக் குழாய், மறுபடி ஜல்லி, துணியை மடித்து மூடி மேலே மணல் கலந்த மண், கடைசியில் புல் பாளங்கள். மனைவி முழங்காலிட்டு ஒவ்வொரு பாளமாக அழுத்திப் பொருத்தினாள். வடிகாலார் தூரத்தில் நின்று தலையைச் சாய்த்துப் பார்த்தார். என்றைக்கோ போட்ட பழைய வடிகால் போலத்தான் தெரிந்தது.

நாலு மணிக்கு மழை வந்தது. சும்மா தூறல் இல்லை, தகரக் கூரையைப் பிய்க்கிற மழை. வடிகாலார் சமையலறை ஜன்னல் கம்பியைப் பிடித்துக்கொண்டு நின்றார். தண்ணீர் புல்மேல் பளபளத்தது. தாழ்ந்த மூலையில் ஒரு குட்டை கூடியது. குட்டை ஒரு சாண் அகலத்துக்கு வந்து, தயங்கி, சுருங்கி, காணாமல் போயிற்று.

அப்போதுதான் மனைவியின் தம்பி உள்ளே வந்தான். மருந்துக்கடை வைத்திருப்பவன். சொட்டச் சொட்ட நனைந்து, இரண்டு அட்டைப் பெட்டியில் இருபத்தாறு கப்புகளைச் சுமந்துகொண்டு வந்திருந்தான்.

“என்ன அத்தான், முகமெல்லாம் வெளுத்திருக்கு? மாத்திரை ஏதாவது தரட்டுமா?”

“அங்க பாரு மாப்ளே.”

அவன் பார்த்தான். “என்ன இருக்கு? ஒண்ணும் இல்லையே.”

“அதேதான்!” என்றார் வடிகாலார். அந்த வாரத்தில் முதல்முறையாகச் சிரித்தார். “ஒண்ணும் இல்லை. பார்த்தியா? ஒண்ணுமே இல்லை!”

மச்சினன் அக்காவைத் தனியாகக் கூப்பிட்டு, அத்தானுக்கு ரத்த அழுத்தம் பார்த்து எத்தனை நாளாயிற்று என்று விசாரித்தான்.

சனிக்கிழமை ஒன்பதரை மணிக்குச் சன்னமாக மழை. வடிகாலார் தேய்த்த சட்டையும் பளபளக்கும் காலணியுமாக, பேசப் போகிற நன்றியுரையை வாய்க்குள் ஓட்டிப் பார்த்துக்கொண்டிருந்தார். வெளிக்கதவு தட்டப்பட்டது. திடுக்கிட்டுத் திறந்தார். கொத்தனார்.

“தண்ணி டியூபை விட்டுட்டுப் போயிட்டேன் சார்.” எடுத்துக்கொண்டவர் போகாமல் நின்றார். “ஒரு விஷயம். நேத்து அந்தப் பெரிய மழையில இந்தப் பக்கமா போகும்போது சாக்கடை மூடியைத் தூக்கிப் பார்த்தேன். மேல இருக்கற வீடுகள்லேர்ந்தெல்லாம் ஓடி வருது. நம்ம வீட்டுப் பக்கத்துலேர்ந்து ஒரு சொட்டு வரல.”

“வரலைன்னா?”

“வரல சார்.”

“அப்ப அவ்வளவு தண்ணியும் எங்க போச்சு?”

“அதான் எனக்கும் புரியல.”

வடிகாலார் முதலில் பக்கத்து வீட்டுச் சுவர் ஓரம் ஓடிப் பார்த்தார், அங்கே தண்ணீர் தேங்கவில்லை. அப்புறம் அஸ்திவாரம் நினைவுக்கு வந்தது. வீட்டுக்கு அடியில் இறங்கியிருந்தால்? மாடி அறை, நாலாயிரம் புத்தகம், அத்தனை பாரமும் ஊறிய களிமண்மேல்! அவர் பக்கவாட்டுச் சந்தில் அப்படியே மண்டியிட்டு, தேய்த்த சட்டையோடு படுத்து, ஓட்டின்மேல் காதை வைத்தார்.

கேட்டது. அடியில், மெல்ல, களகளவென்று.

ஓர் ஓடு முன்னால் நகர்ந்தார். கேட்டது. இன்னோர் ஓடு. மதிப்புறு மூத்த அறிஞராகப் போகிறவர் நாலு காலில் ஊர்ந்து ஊர்ந்து, சத்தத்தைத் தொடர்ந்து, சந்தைத் தாண்டிக் கார் நிறுத்தும் கொட்டகைக்குள் வந்தார். அங்கே தரையில் ஓர் இரும்பு மூடி இருந்தது. சத்தம் அதன் அடியில் நின்றது. மூடிக்குக் கீழே இருப்பது வீட்டின் குடிதண்ணீர்த் தொட்டி.

கொத்தனார் மூடியைத் தூக்கினார். தொட்டி கழுத்து வரை நிறைந்திருந்தது. பழுப்புத் தண்ணீர். பக்கச் சுவரில் இருந்த குழாயிலிருந்து அது இன்னும் ஊற்றிக்கொண்டிருந்தது. நடுவில் ஒரு மஞ்சள் எலுமிச்சை இலை வட்டம் போட்டது.

“கூரைத் தண்ணி தொட்டிக்கு வர்ற பழைய லைன் சார் இது,” என்றார் கொத்தனார் மெதுவாக. “மாடி கட்டினப்போ மேல இருந்ததை வெட்டி எடுத்துட்டு, கீழ இருந்ததை அப்படியே மண்ணைப் போட்டு மூடியிருக்காங்க. யாரும் பார்க்கல போல.”

சமையலறையிலிருந்து குரல் வந்தது. “என்னங்க! டீ தயார். மோட்டார் போட்டு மேல் தொட்டியும் நிரப்பியாச்சு. அவங்க வந்தா சொல்லுங்க!”

தெருவில் ஒரு பேருந்து வந்து நின்ற சத்தம் கேட்டது. குடைகள் விரியும் சத்தம், ஒன்றன்பின் ஒன்றாக.

“இப்பவே சொல்லிடலாம் சார்,” என்றார் கொத்தனார். “எதிர்வீட்ல நாலு குடம் தண்ணி வாங்கினா டீயைப் புதுசா போட்டுடலாம். பத்து நிமிஷ வேலை.”

எதிர்வீட்டில்! ஏன், எதற்கு என்று கேட்காமல் அந்த மனிதர் நாலு சொட்டுக்கூடத் தர மாட்டாரே. வடிகாலார் கொத்தனாரைப் பார்த்தார், இலையைப் பார்த்தார், வெளிக்கதவைப் பார்த்தார். பிறகு குனிந்து, தாமே மூடியைப் பிடித்து இழுத்து மூடினார்.

“நீங்க என்ன பார்த்தீங்க கொத்தனாரே?”

கொத்தனார் மூடியைப் பார்த்தார். “தொட்டி நிறைஞ்சிருக்கு சார்.”

“அவ்வளவுதான்.”

கொத்தனார் டியூபைத் தோளில் மாட்டிக்கொண்டு, வருகிற குடைகளுக்கு வழி விட்டு ஒதுங்கி, போய்விட்டார்.

மன்றத் தலைவர் பருத்த உருவம், பருத்த குரல். “வணக்கம் வடிகாலாரே! மழையோடு வந்திருக்கிறோம். இதைவிட நல்ல சோதனை உண்டா?” என்று அவர் கையைப் பற்றிக் குலுக்கினார். வடிகாலாரின் முழங்காலில் இருந்த ஈரத்தைப் பார்த்து, “களப்பணி!” என்று மற்றவர்களுக்குச் சுட்டிக்காட்டினார்.

வடிகாலார் எல்லாரையும் பின்பக்கத் தாழ்வாரத்தில் நிற்க வைத்துவிட்டுச் சமையலறைக்கு விரைந்தார்.

“யாருக்கும் தண்ணி கொடுக்காத. டீ மட்டும்.”

“ஏங்க, தொண்டை வறண்டா தண்ணி கேப்பாங்களே?”

“கேட்டா டீ கொடு.”

“அதுவும் சரிதான். குழாய்ல இன்னிக்குக் கலங்கலாத்தான் வருது. மழைக்காலத்துல இப்படித்தான்.”

“கொதிக்க வெச்சியா?”

“கொதிக்காம எப்படிங்க டீ போடறது?”

“எவ்வளவு நேரம்?”

“டீக்கு எவ்வளவோ அவ்வளவு.”

“இன்னும் ஒரு பத்து நிமிஷம் கொதிக்கட்டுமே? இருபது?”

“கஷாயமா போடறேன்? வழியை விடுங்க,” என்று அவள் தட்டைத் தம்பியின் கையில் கொடுத்தாள்.

மழை வலுத்தது. தோட்டத்தில் தண்ணீர் கூடுவதும் மறைவதுமாக இருந்தது. இருபத்தாறு பேரும் கையில் கோப்பையோடு அதைப் பார்த்தார்கள். குட்டை மறையும் ஒவ்வொரு தடவையும் கைதட்டினார்கள். ஒவ்வொரு கைதட்டலுக்கும் தொட்டியில் எத்தனை குடம் இறங்குகிறது என்று வடிகாலார் மனத்துக்குள் கணக்குப் போட்டார். மச்சினன் தட்டோடு ஒவ்வொருவரிடமும் போகப் போக, அவர் கண்ணும் கூடவே போயிற்று. யார் முகம் சுளிக்கிறார்கள்? யார் மோந்து பார்க்கிறார்கள்?

தலைவர் ஒரு வாய் குடித்தார். நிறுத்தினார். கோப்பைக்குள் பார்த்தார்.

“அபாரம்! என்ன தேயிலை இது? ஒரு மண்வாசனை இருக்கிறதே!”

“எனக்கும் அப்படித்தான் தோணிச்சு,” என்றான் மச்சினன். “இலையை மாத்திட்டீங்களா அத்தான்?”

“இலை… ஆமா. ஒரு இலை விழுந்திருக்கு,” என்றார் வடிகாலார்.

தலைவர் ரோஜாக்களின் பக்கம் திரும்பி, இவ்வளவு செழிப்புக்கு என்ன உரம் என்று கேட்டார். மனைவிக்கு முகம் மலர்ந்துவிட்டது. யாரும் அவளிடம் ஒரு கேள்வி கேட்டு வெகுகாலமாகிறது. “மாட்டெருதாங்க, நல்லா மக்கினது. போன வாரம் ரெண்டு மூட்டை போட்டேன். இந்த மழைக்கு எல்லாம் கரைஞ்சே போயிருக்கும்.”

வடிகாலார் தூணைப் பிடித்துக்கொண்டார்.

அப்போது கடைசி வரிசையிலிருந்து கண்ணாடிக் கடைக்காரர் கை தூக்கினார். “சார், ஒரு சந்தேகம். தண்ணி போகுது, சரி. எங்க போகுது? நான் எதிர்லயே இருக்கேன். சாக்கடையில உங்க வீட்டுத் தண்ணி வந்து பார்த்ததில்லையே!”

எல்லாரும் திரும்பினார்கள். முப்பத்தொரு வருடத்தில் ஒரு மாணவனும் வடிகாலாரை இப்படி நிற்க வைத்ததில்லை. சொல்லிவிடலாம் என்று ஒரு கணம் வாயைத் திறந்தார். திறந்த வாயிலிருந்து பழக்கதோஷத்தில் வேறொன்று வந்தது.

“தண்ணீர்… சாக்கடையில் வீணாக்கப்படுவதில்லை. வீட்டின் அன்றாடப் பயன்பாட்டுக்குத் திருப்பி விடப்படுகிறது.”

பிறகு தலைவர் கோப்பையைத் தட்டில் வைத்துவிட்டுக் கைதட்டினார். எல்லாரும் தட்டினார்கள். கண்ணாடிக் கடைக்காரர்கூடத் தட்டினார். “மறுபயன்பாடு!” என்றார் தலைவர் தழுதழுத்த குரலில். “கட்டுரையில் இதைச் சொல்லவே இல்லையே! என்ன அடக்கம்!” அங்கேயே, ஈரக் குடைகளுக்கு நடுவில், மதிப்புறு மூத்த அறிஞர் என்ற தகுதி அறிவிக்கப்பட்டது. மனைவி எலுமிச்சை மரத்தைப் பார்த்தாள். அதன் அடியில் தண்ணீர் இல்லை. அவளுக்கு அது போதும்.

தலைவர் காலிக் கோப்பையை நீட்டினார். “இந்த மகிழ்ச்சியில் இன்னொரு கோப்பை கிடைக்குமா?”

மச்சினன் கெட்டிலை எடுத்தான். வடிகாலார் அதை அவன் கையிலிருந்து வாங்கிக்கொண்டார்.

“நீங்களும் ஒரு வாய் குடிங்களேன்,” என்றாள் மனைவி. “காலையிலேர்ந்து ஒண்ணுமே குடிக்கல.”

“எனக்கு வயிறு சரியில்ல,” என்றார் அவர்.

தலைவருக்கு விளிம்பு வரை ஊற்றினார். தமக்கு ஊற்றிக்கொள்ளவில்லை.